பழங்குடி மொழிகளுக்குச் சட்டம்: வாசகர் கேள்வி – பதில்

அழியும் நிலையில் இருந்த, நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழி மீண்டதற்கு, அந்நாட்டில் 1987-இல் வந்த சட்டம்தான் காரணம் என்கிறார்கள். உண்மைதானா?
— பள்ளி ஆசிரியை, சேலம்

பாதி உண்மை. சட்டம் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

மொழி எவ்வளவு வேகமாகக் கைவிட்டுப் போனது என்று பாருங்கள். 1913-இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் 90 விழுக்காட்டினர் தாய்மொழி பேசினார்கள். 1953-இல் அது 26 விழுக்காடு. 1975-இல் 5 விழுக்காடுகூட இல்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம் மாவோரிக் கிராமப் பள்ளிகளை ஆங்கில வழிக்குத் தள்ளியது. பள்ளியில் தாய்மொழி பேசியதற்காகப் பல பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அவர்களே பெற்றோரானபோது, 'நம் பிள்ளைக்காவது இந்தக் கஷ்டம் வேண்டாம்' என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி 30,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982-இல் வெலிங்டனை அடுத்த வைனுயோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' மழலையர் பள்ளி திறக்கப்பட்டது. அதன் ஏற்பாடு எளிமையானது. பெற்றோர் தலைமுறைக்கு மொழி தெரியாது, பாட்டி தாத்தாக்களுக்குத் தெரியும். அவர்களைக் கொண்டுவந்து பிள்ளைகளோடு உட்காரவைத்து, உள்ளே மாவோரியைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். 1994-க்குள் இப்படி 800 பள்ளிகள், 14,000 பிள்ளைகள்.

1840-ஆம் ஆண்டு வைத்தாங்கி உடன்படிக்கையில் மாவோரிகளின் செல்வங்களைக் காப்பதாக ஆங்கிலேய அரசு வாக்குக் கொடுத்திருந்தது. மொழியும் அந்தச் செல்வங்களில் ஒன்று என்று, உடன்படிக்கை மீறப்பட்டதாக வரும் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயத்தில் 1985-இல் மாவோரிகள் முறையிட்டார்கள். 1986-இல் தீர்ப்பாயம் அதை ஏற்றது. மறு ஆண்டு சட்டம் வந்தது. அது மாவோரியை ஆட்சிமொழி ஆக்கியது, மொழி ஆணையம் ஒன்றை அமைத்தது, நீதிமன்றத்தில் மாவோரி பேசும் உரிமையைத் தந்தது. மாவோரி வழித் தொடக்கப் பள்ளிகளுக்கோ 1989-இல் கல்விச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் சட்ட ஏற்பு கிடைத்தது. மொழியைப் பேச ஆளை உருவாக்கியது மழலையர் பள்ளிதான் என்பதே எங்கள் கணிப்பு. சட்டம் அந்தப் பள்ளிக்கு முதுகெலும்பாக நின்றது.

நீதிமன்றத்தில் பேசும் உரிமை என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?
— சட்டக் கல்லூரி மாணவர், திருச்சி

முதலில் முன்கதை. 1980-இல் முடிந்த ஒரு வழக்கில், ஆங்கிலம் தெரிந்தவர் மாவோரியில் பேச உரிமை கோர முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் கதவைத்தான் 1987-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. இப்போது ஆங்கிலம் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே கிடையாது. வழக்காடுபவர், சாட்சி, வழக்கறிஞர், நீதிபதி ஆகிய எவரும் மாவோரியில் பேசலாம்.

செய்ய வேண்டியது இது: விசாரணைக்குக் குறைந்தது 10 வேலை நாள்களுக்கு முன்பு, மாவோரியில் பேசப்போவதாக நீதிமன்றத்துக்கும் எதிர்த்தரப்புக்கும் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். அறிவிப்புக் கொடுக்கத் தவறினாலும் உரிமை பறிபோகாது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் வரும்வரை விசாரணையைத் தள்ளிவைக்கலாம், வழக்குச் செலவு யார் தலையில் என்று முடிவு செய்யும்போது அந்தத் தவறையும் கணக்கில் எடுக்கலாம். வழக்கறிஞரின் கவனக்குறைவுக்குக் கட்சிக்காரர் பணம் கட்டும் நிலை வந்துவிடும்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. நீங்கள் மாவோரியில் பேசலாம். 'எனக்கு மாவோரியிலேயே பதில் சொல்' என்று வற்புறுத்த முடியாது. 1987-இல் எழுதிய இந்த எல்லை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. மொழிச் சட்டம் எதைப் படித்தாலும் இந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். பேசும் உரிமை ஏட்டில் எளிதாக ஏறிவிடும். பதில் பெறும் உரிமைக்கு ஆளும் பணமும் வேண்டும் என்பதால் அதில்தான் கை வைப்பார்கள்.

ஒரு சட்டம் இருக்கும்போது 2016-இல் இன்னொன்று எதற்கு?
— வாசகர், கோயம்புத்தூர்

பழைய சட்டத்தில் எல்லாம் அரசின் கையில் இருந்தது. புதிய சட்டம் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. வீடு, ஊர், குலம் ஆகியவற்றில் மொழியை வளர்ப்பது 'தே மாத்தாவாய்' என்ற அமைப்பின் வேலை. அதன் 13 உறுப்பினர்களில் 7 பேர் குலங்களின் சார்பிலும், 4 பேர் மாவோரி மொழி அமைப்புகளின் சார்பிலும் வருகிறார்கள். அமைச்சர் நியமிப்பது 2 பேரை மட்டுமே. நாடு முழுவதும், அரசு அலுவலகங்களிலும், மொழிக்கு இடம் உண்டாக்குவது அரசின் வேலை. 2040-க்குள் 10 லட்சம் பேர் அடிப்படை மாவோரியாவது பேச வேண்டும், 15 வயதுக்கு மேற்பட்ட மாவோரிகளில் 1,50,000 பேர் அதையே முதன்மை மொழியாகப் பயன்படுத்த வேண்டும் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது.

இச்சட்டம் மாவோரியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டது. இரண்டுக்கும் பொருள் முரண்பட்டால் மாவோரி வடிவமே செல்லும். ஒரு மொழியின் மீது நம்பிக்கை இருப்பதை இதைவிடத் தெளிவாக ஒரு நாடாளுமன்றம் காட்ட முடியாது.

2018 கணக்கெடுப்பில் மாவோரி பேசக்கூடியவர்கள் 1,85,955 பேர், 2023-இல் 2,13,849 பேர். மகிழ்ச்சிதான். ஆனால் 'பேசத் தெரியும்' என்பவர் எல்லாரும் வீட்டில் அதைப் பேசுகிறார்கள் என்று கொள்ள முடியாது. இலக்கை இரண்டாகப் பிரித்து வைத்ததும் அதனால்தான்.

சட்டம் போட்டும் பயன் தராமல் போன இடம் உண்டா?
— ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மதுரை

கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பிரதேசத்தைச் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பான்மையினர் இனுயிட் மக்கள். 2008-இல் அவர்களுடைய சட்டமன்றம் நிறைவேற்றிய மொழிப் பாதுகாப்புச் சட்டம் உறுதியான சட்டம். பள்ளியில் இனுயிட் மொழியில் கற்பது பெற்றோரின் உரிமை என்றது. முதல் மூன்று வகுப்புகளுக்கு 2009-இலும், எல்லா வகுப்புகளுக்கும் 2019-இலும் அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று நாளும் குறித்தது. நாள் வந்தது, ஆசிரியர்கள் வரவில்லை. மொழியும் தெரிந்து, கற்பிக்கும் தகுதியும் பெற்றவர்களைப் பத்து ஆண்டுகளில் போதிய அளவு உருவாக்கவில்லை. 2020-இல் சட்டத்தைத் திருத்திக் காலக்கெடுவை 2039 வரை தள்ளினார்கள். 2009-இல் முதல் வகுப்பில் இருந்த குழந்தைக்கு அப்போது முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும். அதன் பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்கான இடங்கள், உதவித்தொகை, பாடநூல், அதற்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டிய பணம் ஆகியவற்றையும் பிரிவுகளாகவே எழுதி, அவற்றுக்கு முந்தைய தேதி போட்டிருக்க வேண்டும். பள்ளி உரிமைக்கான தேதி அதற்குப் பின்னால் வர வேண்டும்.

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் நடந்தது வேறு மாதிரி. 1978-இல் மாநில அரசியலமைப்பு ஹவாய் மொழியை ஆட்சிமொழி என்று அறிவித்தது. ஆனால் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்ற 1896-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாரும் நீக்கவில்லை. 1984-இல் கவாய் தீவில் பெற்றோர்கள் முதல் ஹவாய் வழி மழலையர் பள்ளியைத் தொடங்கியபோதும் அந்தத் தடை இருந்தது. போராடி 1986-இல்தான் நீக்கினார்கள். புதிய சட்டம் எழுதுகிறவர்கள், அதற்கு எதிராக நிற்கும் பழைய சட்டங்களை முதலில் பட்டியல் போட வேண்டும். பள்ளிக் கல்வி, ஆசிரியர் தகுதி, தேர்வு விதி ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் முட்டும்.

ஐ.நா. தீர்மானங்களால் பயன் உண்டா?
— வாசகி, யாழ்ப்பாணம்

நேரடியாக இல்லை. 2007-ஆம் ஆண்டுப் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தின் 13, 14-ஆம் கூறுகள் மொழியையும் தாய்மொழிக் கல்வியையும் பேசுகின்றன. ஆனால் பிரகடனம் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. உள்நாட்டுச் சட்டம் கேட்கும்போது மேற்கோள் காட்ட உதவும். கனடாவின் 2019 மொழிச் சட்டம் அதைச் சுட்டியே எழுதப்பட்டது.

நீலகிரியில் தோடர், கோத்தர், படகர் மொழிகள் இருக்கின்றன. இந்திய அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்த்தால் காப்பாற்றலாமா?
— கல்லூரி மாணவி, உதகை

அது மட்டும் போதாது. அட்டவணையில் இப்போது 22 மொழிகள். சேர்க்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். எதைச் சேர்ப்பது என்பதற்கு அரசியலமைப்பில் அளவுகோல் கிடையாது. 2003-இல் 92-ஆம் திருத்தத்தில் சந்தாலியும் போடோவும் சேர்ந்தன. மொழிக்கு மதிப்பும், குடிமைப்பணித் தேர்வில் விருப்பப் பாடமாகும் வாய்ப்பும் கிடைத்தன. அட்டவணையில் சேர்ந்துவிட்டது என்பதற்காகத் தொடக்கப் பள்ளி ஒன்று தானாகத் திறந்துவிடாது.

உங்கள் கைக்கு எட்டும் பிரிவுகள் வேறு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350அ பிரிவு. 1956-இல் சேர்க்கப்பட்டது. 'முயல வேண்டும்' என்ற அளவில்தான் அது நிற்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆவது பிரிவும் பயிற்றுமொழி 'நடைமுறையில் இயன்றவரை' தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. இயலவில்லை என்று ஒரு வரியில் பதில் எழுதிவிட இவை இடம் கொடுக்கின்றன. அதனால் பொதுவாக 'எங்கள் மொழியைக் காப்பாற்றுங்கள்' என்று மனுக் கொடுப்பதைத் தவிருங்கள். எந்த ஊர், எந்தப் பள்ளி, எத்தனை பிள்ளைகள், அந்த மொழி பேசும் எத்தனை பேர் கற்பிக்கத் தயார் என்று எழுதி, கல்வித் துறைக்கும் 350ஆ-வின் கீழ் உள்ள மொழிச் சிறுபான்மையினர் ஆணையருக்கும் அனுப்புங்கள். ஆணையரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படும்.

இன்னொன்று கணக்கெடுப்பு. 2011-இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றை ஒழுங்குபடுத்தி 1,369 ஆக்கி, பிறகு 10,000 பேருக்கு மேல் பேசும் 121 மொழிகளின் கீழ் தொகுத்தார்கள். படகர் மொழி கன்னடத்தின் கீழ் போனது. தோடர் மொழி பேசுவோர் 10,000-க்கும் குறைவு என்பதால் அதற்குத் தனித் தலைப்பே இல்லை. கணக்கெடுப்பாளர் வரும்போது தாய்மொழிக் கட்டத்தில் தமிழ் என்று பழக்கத்தில் எழுதிவிட்டுப் போகலாம். வீட்டில் பேசும் மொழியின் பெயரை நீங்களே சொல்லி, எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தெரிந்த பிற மொழிகள் இரண்டைக் குறிக்கத் தனி இடம் உண்டு. தமிழை அங்கே சொல்லலாம்.

10,000-க்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த மைசூரிலுள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. சொற்களும் இலக்கணமும் பதிவாவது நல்லது, அவசியமும்கூட. ஆனால் பதிவுக் கருவியோடு ஊருக்கு வருகிறவர்களிடம், அங்கன்வாடியில் நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பயன்படும் பாட்டும் படக்கதையும் வேண்டும் என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கேளுங்கள்.