ஆத்து மீனு துன்னலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஆய்வு மாணவர்கள் 14 பேருக்கு, மக்களிடம் அறிவியலை எடுத்துச் சொல்வது பற்றி இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். மேடையில் நிற்பது, ஸ்லைடு தயாரிப்பது, குரலை ஏற்றி இறக்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். அடுத்த வாரம் எண்ணூரில் ஒரு மீனவக் குப்பத்தில் கூட்டம். கொசஸ்தலை ஆற்றுச் சேற்றில் தாங்கள் அளந்த உலோகங்களைப் பற்றிப் பேசினார்கள். ஒரு அம்மா எழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும்மா, ஆத்து மீனு துன்னலாமா, கூடாதா?" என்று கேட்டார். மாணவி, "கன உலோகங்களின் செறிவு..." என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிடத்தில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. பயிற்சியில் எதை விட்டுவிட்டோம்?

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

அந்த அம்மாவின் கேள்வியை விட்டுவிட்டீர்கள். அது கூட்டத்துக்கு முன்பே உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக ஊருக்குப் போகட்டும். ஏலம் முடிந்து ஆட்கள் உட்காரும் நேரம் நல்லது. கையில் படிவம் வேண்டாம். படிவத்தைக் கண்டால் பதில் சொல்வார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள். கேட்டதைக் கேட்ட சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "துன்னலாமா" என்பதை "நுகர்வுப் பாதுகாப்பு" என்று குறித்துக்கொண்டால் கேள்வி அங்கேயே செத்துவிடும். இருபது கேள்வி சேர்ந்ததும் மூன்றாகப் பிரியுங்கள்: நம் அளவீடே பதில் சொல்பவை, வேறு யாராவது அளந்திருப்பவை, யாரும் அளக்காதவை. பயிற்சியில் பாதி நேரத்தை மூன்றாவதற்குக் கொடுங்கள். ஆய்வாளர்கள் திணறுவது அங்கேதான்.

ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்கு 40 வினாடியில் பதில் சொல்லி, போனில் பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும். முதல் வாக்கியத்திலேயே பதில் வந்துவிட வேண்டும். மீன் கேள்விக்கு உங்கள் மாணவி இப்படிச் சொல்லியிருக்கலாம்: "நாங்க அளந்தது ஆத்துச் சேறும்மா. மீனை இன்னும் அளக்கல. அதனால துன்னலாம்னும் சொல்ல முடியல, வேணாம்னும் சொல்ல முடியல. சேத்துலயே கெடக்குற மட்டிய முதல்ல பாக்கணும், ஓடுற மீனத் தனியா பாக்கணும்." இதில் அளந்தது, அளக்காதது, அடுத்து அளக்க வேண்டியது மூன்றும் வந்துவிட்டன. இதன் வாலில் "பயப்படாதீங்க" என்று ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைக் கண்டிப்பாக வெட்டுங்கள். அளக்காத ஒன்றுக்கு ஆறுதல் சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

எதிர்ப்பக்கமும் வழுக்கும். "எண்ணூர் மீனில் உலோகம்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டால், ஆழ்கடலில் பிடித்துக் காசிமேட்டில் இறக்கிய மீனையும் ஜனங்கள் வாங்கமாட்டார்கள். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது மீன் விற்கும் பெண்கள் இதை அனுபவித்தார்கள். எந்தத் தண்ணீர், எந்த மாதம், எந்த மீன் என்ற மூன்றும் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது.

உவமை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். குடிநீரில் ஈயத்தின் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க் முழுக்க 10 மில்லிகிராம், ஓர் அரிசிமணியின் எடைகூட வராது. இதை அப்படியே சொன்னால், "ஒரு அரிசிதானே" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். சிறிய அளவைக் காட்டும் உவமை ஆபத்தையும் சிறியதாக்கிவிடும். ஆகவே வரிசையை மாற்றச் சொல்லுங்கள்: முதலில் ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பது, பிறகு டேங்கும் அரிசியும்.

காற்றைப் பற்றிப் பேசுபவர்களுக்குப் போன் ஆப்பைக் காட்டியே பயிற்சி கொடுங்கள். நுண்துகள் பிஎம் 2.5க்கு நம் நாட்டின் 24 மணி நேர எல்லை கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. இந்தியக் காற்றுத்தரக் குறியீட்டில் அந்த 60 மைக்ரோகிராம் 100 என்று காட்டும். அமெரிக்கக் கணக்கில் போட்ட ஆப்பில் அதே காற்று 150ஐத் தாண்டும். மாணவர் "60" என்கிறார், முன்வரிசைப் பையன் போனை நீட்டி, "அண்ணா, இதுல 154 காட்டுதே" என்கிறான். இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாதவர் பொய் சொல்கிறார் என்றே ஊர் நினைக்கும். ஒரு நிமிடத்தில் அவிழ்த்துக் காட்டும்வரை விடாதீர்கள்.

பயிற்சி அறையில் பேராசிரியர்களைக் குறையுங்கள். அந்தக் குப்பத்திலிருந்தே மூன்று பேரை அழைத்து, நாள் கூலியும் வண்டிச் செலவும் கொடுத்து, முன்னால் உட்கார வையுங்கள். புரியாத சொல் வந்ததும் அவர்கள் கை தூக்க வேண்டும். பேசுபவர் அங்கேயே நிறுத்தி மாற்றிச் சொல்ல வேண்டும். ஓர் அறைக்கு எட்டு மாணவர் போதும். பதினான்கு பேர் என்றால் ஆளுக்கு இரண்டு முறைகூடப் பேச நேரம் கிடைக்காது.

அடுத்த கூட்டத்தை மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை) வைக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தடை விசைப்படகுகளுக்குத்தான். ஃபைபர் படகுக்காரர்கள் அப்போதும் தொழிலுக்குப் போவார்கள், ஊரில் கேட்டு நாள் குறியுங்கள்.

போகும்போது ஒரே ஒரு தாள் போதும். சேறு எடுத்த இடங்கள் ஊர்ப்பெயரில் இருக்கட்டும், அட்சரேகை தீர்க்கரேகை வேண்டாம். எடுத்த தேதியும், மீனை எப்போது அளப்பீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். முதல் தாளைக் கேள்வி கேட்ட அம்மாவிடம் கொடுங்கள்.

அன்புடன்.