விளையாட்டுப் பைக்குள் லேப்டாப்: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மொரீஷியஸில் மேட்டு நிலத்து ஊரான கியூர்ப்பிப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எபேனில் வேலை. காலையில் மெட்ரோ பிடித்து, ரோஸ் ஹில்லில் மாறிப் போகிறார். செவ்வாய், வியாழன் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து நேராக பேட்மிண்டன். அதனால் 15.6 இன்ச் லேப்டாப், சார்ஜர், ஷூ, மாற்றுத் துணி, துண்டு, ஸ்டீல் தண்ணீர் பாட்டில், மட்டை எல்லாம் ஒரே பையில்தான். போன மாதம் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், திரையின் ஒரு மூலையில் மை கொட்டிய மாதிரி கறுப்பு பரவியிருந்ததாம். பை எங்கேயும் கீழே விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை, எப்படி ஆனது என்றே புரியவில்லை என்கிறார். இப்போது கடையில் ஒரு டஃபல் பை, அதாவது கைப்பிடி வைத்த நீளமான விளையாட்டுப் பை, பார்த்து வைத்திருக்கிறார், லேப்டாப்புக்குத் தனி அறை இருக்கிறதாம், 3000 ரூபாய்க்குள் வருகிறதாம். வாங்கலாமா, இல்லை முதுகில் மாட்டும் பைதான் சரியா என்பது கேள்வி.

தம்பி, அந்த டஃபல் பையை வாங்காதீர்கள். முதுகுப் பை வாங்குங்கள். எந்த முதுகுப் பையும் போதும் என்று அர்த்தமில்லை, அதைத்தான் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் திரைக்கு என்ன ஆனது என்பதைப் பார்ப்போம். ரோஸ் ஹில்லில் பல வருடமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். கறுப்பு மை பரவிய திரையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலவே "விழவே இல்லை" என்றுதான் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். திரை உடைய விழ வேண்டியதில்லை, ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தாலே போதும். லேப்டாப்பின் மூடி சில மில்லிமீட்டர் கனம்தான், அதற்குள் மெல்லிய கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு நடுவில் திரவப் படிகம். பையில் மூடிக்கு எதிரே ஸ்டீல் பாட்டிலின் அடிப்பக்கமோ சார்ஜரின் கட்டியோ இருந்து, கூட்டமான மெட்ரோவில் யாராவது உங்கள் பைமேல் சாய்ந்தால், அந்த மொத்த எடையும் பாட்டில் விளிம்பு தொடும் அந்தச் சின்ன இடத்தில் இறங்கும். கண்ணாடி உள்ளே விரிசல் விடும், படிகம் கசியும். வெளியே மூடியில் ஒரு கீறல்கூட இருக்காது. விழுவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் விளையாட்டுப் பையில் லேப்டாப்புக்குப் பெரிய ஆபத்து பைக்குள் அதன் பக்கத்தில் இருக்கும் பொருட்கள்தான். ஷூ, பாட்டில், ஈரத் துண்டு. பை தேர்ந்தெடுக்கும்போது இதை மனதில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டஃபல் பை வேண்டாம் என்பதற்குக் காரணமும் இங்கேதான். அந்தப் பையில் முதுகெலும்பு மாதிரி எதுவும் கிடையாது, கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து வாழைப்பழம் மாதிரி வளையும், அந்த வளைவை உள்ளே இருக்கும் ஒரே விறைப்பான தகடான லேப்டாப் தாங்க வேண்டியிருக்கும். அதன் லேப்டாப் அறை பெரும்பாலும் வெளிப் பக்கச் சுவரில் இருக்கும், ஒரு தோளில் மாட்டி நடந்தால் பை ஊஞ்சலாடும், மெட்ரோ கதவு, பஸ் சீட்டு, படிக்கட்டுக் கம்பி எல்லாவற்றிலும் முதலில் இடிபடுவது அந்தச் சுவர்தான். முதுகுப் பையிலோ லேப்டாப் உங்கள் முதுகை ஒட்டி நிற்கிறது, ஆடாது, இடிபடாது, பாரமும் இரண்டு தோளுக்குப் பிரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லேப்டாப் 2 கிலோ, சார்ஜர் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, நிரம்பிய பாட்டில் ஒரு கிலோ, ஷூவும் துணியும் துண்டும் ஒன்றரைக் கிலோ. 5 கிலோவை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போய் அதே தோளால் ஸ்மாஷ் அடிப்பது நல்லதில்லை.

சரி, கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் ஓர் அளவு டேப்பையும் கையோடு கொண்டு போங்கள். 15.6 இன்ச் என்பது திரையின் மூலைவிட்டம், அதாவது 39.6 சென்டிமீட்டர். இயந்திரத்தின் அளவு அதுவல்ல. இந்த வகை லேப்டாப்கள் சாதாரணமாக 36 சென்டிமீட்டர் அகலமும் 24, 25 சென்டிமீட்டர் ஆழமும் இருக்கும், திரையைச் சுற்றி விளிம்பு தடித்த பழைய மாடல்கள் இன்னும் பெரியவை. பையின் அட்டையில் "15.6" என்று போட்டிருந்தால் மட்டும் நம்பிவிட வேண்டாம், போட்டுப் பாருங்கள். ஜிப் மூடும்போது மூலையில் இடித்தால் வேண்டாம். உள்ளே போய் பக்கவாட்டில் இரண்டு விரல் இடைவெளிக்கு மேல் ஆடினாலும் வேண்டாம்.

அடுத்து ஒரு சோதனை, ஒன்றே ஒன்றுதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். லேப்டாப் அறைக்குள் ஒரு கையை அடிவரை விடுங்கள், இன்னொரு கையை பையின் அடிக்கு வெளியே வைத்து, இரண்டு கை விரல்களையும் ஒன்றை நோக்கி அழுத்துங்கள். நடுவில் துணி மட்டும் தட்டுப்பட்டால் அந்தப் பையை அங்கேயே வைத்துவிடுங்கள். பையை இறக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் லேப்டாப்பின் விளிம்பு நேராகத் தரையில் மோதும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பையை இறக்கி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், மெட்ரோவில், அலுவலகத்தில், கோர்ட் ஓரத்தில், வீட்டு வாசலில். ஒரு தடவை விழுவதைவிட இந்தச் சின்னச் சின்ன மோதல்கள்தான் மூலையை நசுக்குகின்றன, சார்ஜர் செருகும் இடத்தைத் தளர்த்துகின்றன. நல்ல பையில் லேப்டாப் அறை தொட்டில் மாதிரி தொங்கும், பையின் அடிக்கும் அறையின் அடிக்கும் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும். விலை கூடிய பையில்தான் இது இருக்கும் என்றில்லை, பெரிய பெயர் போட்ட பல ஸ்போர்ட்ஸ் பைகளில் இது இல்லாமலிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மெத்தையைக் கிள்ளிப் பாருங்கள். சாதாரணப் பஞ்சு நுரை என்றால் விரலுக்கு அப்படியே அமுங்கிப்போகும், போதாததற்கு தண்ணீரை உறிஞ்சி லேப்டாப்போடு ஒட்டி வைத்திருக்கும். ரப்பர் செருப்பில் வரும் ஈவிஏ மாதிரி, குமிழ்கள் தனித்தனியாக மூடியிருக்கும் நுரை கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அமுக்கி விட்டால் உடனே எழும்பும், தண்ணீர் குடிக்காது. 5 மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை போதும், ஆனால் இரண்டு பக்கமும் வேண்டும். பல பைகளில் முதுகுப் பக்கம் மட்டும் தடிப்பாக வைத்துவிட்டு, பாட்டிலும் ஷூவும் வரும் உள் பக்கத்தில் வெறும் துணிதான் விடுகிறார்கள். உங்களுக்கு மெத்தை அவசியம் வேண்டிய பக்கம் அதுதான்.

துணியின் மேல் 420 டி, 600 டி என்று எழுதியிருக்கும். அது டெனியர், 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்கிற கணக்கு. எண் பெரிதென்றால் நூல் தடிமன், அவ்வளவுதான், 420 நைலான் 600 பாலியெஸ்டரைவிட உறுதியாக இருக்கலாம். இந்த எண்ணைப் பார்த்து ரொம்பக் குழம்ப வேண்டாம். ஜிப்பைப் பாருங்கள். ஓடும் கட்டையின் பின்புறத்தில் 5, 8, 10 என்று ஓர் எண் இருக்கும், ஏறக்குறைய மூடிய பற்களின் அகலம் மில்லிமீட்டரில். தினமும் இழுக்கும் பெரிய வாய்க்கு 8 இருந்தால் நிம்மதி.

இப்போது ஈரம். ஈரம் மூன்று வழியில் வரும், ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது பாட்டில். அது பைக்கு வெளியே பக்கவாட்டுப் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வரக் கூடாது. மூடி எவ்வளவு நல்லதானாலும் சரி. பக்கவாட்டுப் பாக்கெட் இல்லாத பையை எடுக்காதீர்கள். விசைப்பலகை வழியாக இறங்கிய தண்ணீர் மதர்போர்டை அரிக்க ஒரு ராத்திரி போதும்.

இரண்டாவது, விளையாடி முடித்த பின் வரும் வியர்வைத் துணி. இது எப்போதாவது வருகிற ஆபத்தில்லை, வாரத்தில் இரண்டு நாள் நிச்சயம் வருகிறது. லேப்டாப்பைப் பாதுகாப்பதைவிட ஈரத்தைக் கட்டி வைப்பதுதான் இதற்கு வழி. இங்கே 2016 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் கடைப் பைகளுக்குத் தடை வந்துவிட்டதால் சும்மா ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிப் போடும் பழக்கமும் போய்விட்டது, அது நல்லதுதான். படகில் போகிறவர்கள் வைத்திருக்கும், வாயைச் சுருட்டிப் பூட்டும் நீர்புகாப் பை கடற்கரைப் பக்கக் கடைகளில் கிடைக்கும், 10 லிட்டர் அளவில் ஒன்று வாங்கி ஈரத் துணியும் துண்டும் அதற்குள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திறந்து காயப் போடுங்கள். ஷூவுக்குத் தனி அறை இருந்தால் நல்லது, ஆனால் அதன் காற்றுத் துளைகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பைக்குள் இருக்கும் சுவர் பூச்சு போட்ட துணியாக இருக்க வேண்டும். உள் சுவரே வலையாக இருந்தால் ஷூவின் ஈரமும் வாசமும் நேராக லேப்டாப்புக்குத்தான் போகும்.

மூன்றாவது மழை. கியூர்ப்பிப்பில் இருக்கிற உங்களுக்கு மழையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, எபேனில் வெயில் அடிக்கும்போதே மேட்டில் தூறிக்கொண்டிருக்கும். "நீர் எதிர்ப்பு" என்று எழுதியிருப்பது தூறலுக்குத்தான், பெலால் புயல் வந்த 2024 ஜனவரி 15 மாதிரி ஒரு நாளுக்கு அல்ல. துணி தாங்கினாலும் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் தண்ணீர் வரும். மழை உறை வாங்குங்கள், ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. உறை பையின் முன்பக்கத்தைத்தான் மூடுகிறது, முதுகுப் பக்கம் திறந்தே இருக்கிறது, உங்கள் கழுத்தில் விழுந்து முதுகில் வழியும் தண்ணீர் பையின் பின்சுவரில் இறங்குகிறது, லேப்டாப் இருப்பதும் அங்கேதான். அதனால் புயல் காலமான நவம்பர் முதல் ஏப்ரல் வரையாவது லேப்டாப்பையும் ஒரு நீர்புகா உறையில் போட்டு வைக்கச் சொல்வேன். முக்குளிப்பவர்கள் போடும் உடையின் ரப்பர் துணியில் (நியோப்ரீன்) தைத்த மெத்தென்ற உறைகள் கீறலுக்கு நல்லது, தையல் வழியாகத் தண்ணீர் விடும், மழைக்கு அதை நம்பாதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னொன்றும் நடக்கும். பையின் உட்பக்கப் பாலியூரித்தேன் பூச்சு சில வருடத்தில் பிசுபிசுத்து, செதில் செதிலாக உரிந்து விழும். விழ ஆரம்பித்தால் பை மழைக்கு முடிந்தது என்று அர்த்தம். ஈரத்தோடு அலமாரியில் பூட்டி வைத்தால் இது சீக்கிரம் வரும்.

மட்டை விஷயம். பேட்மிண்டன் மட்டை 68 சென்டிமீட்டர் வரை இருக்கும், முதுகுப் பை 50 சென்டிமீட்டரைத் தாண்டுவது அபூர்வம். பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்க ஜிப்பைப் பாதி திறந்து விட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், அந்த ஓட்டைக்கு நேர் கீழே லேப்டாப். மட்டைக்கென்று வெளியே தனிப் பாக்கெட் உள்ள பையாகப் பாருங்கள், இல்லையென்றால் மட்டையை அதன் உறையோடு தனியாகத் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். மட்டைப் பைகளில் வெள்ளிப் படலம் ஒட்டிய நீளமான அறை இருக்கும், லேப்டாப் அதில் அழகாக உட்காரும், ஆனால் அது மட்டையின் நரம்பை வெயிலிலிருந்து காக்க வைத்தது, இடி தாங்காது.

பை வாங்கிய பிறகு பழக்கம். மூடியின் பக்கம் உங்கள் முதுகை நோக்கி இருக்கட்டும், கனத்த அடிப்பாகம் ஷூ இருக்கும் பக்கம் இருக்கட்டும். சார்ஜர் அதே அறையில் வேண்டாம். கோர்ட்டில் பையைப் படுக்க வைக்க வேண்டியிருந்தால் முதுகுப் பட்டை மேலே பார்க்கும்படி வையுங்கள், அப்போது லேப்டாப் துணிகளின் மேல் கிடக்கும், பாரத்துக்கு அடியில் மாட்டாது. பெஞ்சின் மேல் வைக்காதீர்கள், களைத்துப் போய் வருகிறவர்கள் பார்க்காமல் உட்காருவார்கள். மூடி வைத்துவிட்டால் லேப்டாப் தூங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். இப்போதைய விண்டோஸ் இயந்திரங்கள் மூடியபடியே விழித்துக்கொண்டு பைக்குள் ஓடி, தொட முடியாத சூட்டோடு வெளியே வருவது சகஜம், பையில் போடும் முன் முழுதாக அணைத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியிலும் விட வேண்டாம். பல லேப்டாப்களுக்கு 35 டிகிரிதான் வேலை செய்யும் சூட்டின் எல்லை, அணைத்து வைத்திருந்தாலும் 45 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது, மூடிய கார் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும்.

உங்கள் பட்ஜெட்டில் 28 முதல் 32 லிட்டர் கொள்ளளவில், தொங்கும் லேப்டாப் அறை, இரண்டு பக்கவாட்டுப் பாக்கெட், மார்பில் பூட்டும் பட்டை, இவ்வளவும் உள்ள பையைத் தேடுங்கள். பணம் பற்றவில்லை என்றால் ஷூ அறையை விட்டுவிடுங்கள், அதற்குத் துணிப் பை போதும். தொங்கும் அறையை மட்டும் விடாதீர்கள்.

வாங்கி வந்ததும் உடனே லேப்டாப்பைப் போடாதீர்கள். பழைய செய்தித்தாள் ஒன்றை லேப்டாப் அளவுக்கு மடித்து அறைக்குள் வையுங்கள், மற்ற சாமான்களையெல்லாம் வழக்கம்போல் அடுக்குங்கள், மழை உறையைப் போட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஷவருக்கு அடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். மேல் ஓரம் நனைந்திருந்தால் ஜிப், நடுவில் நனைந்திருந்தால் முதுகுப் பக்கம், கீழே நனைந்திருந்தால் அடித் தையல், பாட்டில் பாக்கெட் பக்கம் மட்டும் நனைந்திருந்தால் உங்கள் பாட்டிலின் மூடியை மாற்றுங்கள்.