போன் வாங்கும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

‘அதிகம் செலவழிக்காமல், நாலைந்து வருடம் ஓடுகிற ஸ்மார்ட்போன் வாங்க எதைப் பார்க்க வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன்.

முன்பு ஒரு போனைப் பெரிய தள்ளுபடியில் வாங்கினேன். வெளிவந்து இரண்டு வருடம் ஆன மாடல். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் அடுத்த வருடமே, திருடர்கள் நுழையும் மென்பொருள் ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. கம்பெனி மூன்று வருடம் என்று சொன்னது, தந்தது. அந்தக் கணக்கு நான் வாங்கிய நாளிலிருந்து அல்ல, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதை நான்தான் கவனிக்கவில்லை. அப்புறம் வங்கிச் செயலியைத் திறக்கும்போதெல்லாம் ஓர் உறுத்தல்.

இப்போதெல்லாம் விலையை, மிச்சமிருக்கும் அப்டேட் வருடங்களால் வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். 2023 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 8-க்கு 7 வருட அப்டேட் அறிவித்தார்கள். 2024 தொடக்கத்தில் வந்த சாம்சங் எஸ்24-க்கும் அதே 7. அதே கம்பெனியின் விலை குறைந்த ஏ16 5ஜி-க்கே 6 வருடம். இப்படி வகுத்தால், இந்த வருடத்து நடுத்தர போனை விடப் போன வருடத்து உயர்ரக போன் மலிவாக வருவதும் உண்டு.

அடுத்தது பேட்டரி. எந்த போனாக இருந்தாலும் இது தேய்கிற சரக்குதான். ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 முழு சார்ஜ் சுற்று ஆனதும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவுதான் மிஞ்சும் என்று ஆப்பிளே சொல்கிறது. 15-லிருந்து அந்தச் சுற்றுக் கணக்கு 1000. ஆகவே நடுவில் ஒருமுறை பேட்டரி மாற்றுவேன் என்று இப்போதே முடிவெடுத்துவிடுங்கள். அந்த மாடலுக்கு ஒரிஜினல் பேட்டரி உங்கள் பக்கத்தில் கிடைக்குமா, மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

ஸ்டோரேஜில் கஞ்சத்தனம் வேண்டாம். பல போன்களில் இப்போது மெமரி கார்டு போட இடமே இல்லை. உள்ளே நிரம்ப நிரம்ப வேகமும் குறையும். முடிந்தால் ஸ்டோரேஜ் 256 ஜிபி, ரேம் 8 ஜிபி. மலிவு போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகை ஸ்டோரேஜ் இருக்கும், அதைத் தவிர்த்து, அதைவிட வேகமான யூஎஃப்எஸ் வகை இருப்பதாகப் பாருங்கள்.

கேமராவின் மெகாபிக்சலா? அதைப் பார்த்து மயங்க வேண்டாம். மிக அருகில் படமெடுக்க என்று வைக்கும் அந்த 2 மெகாபிக்சல் மேக்ரோ லென்ஸ் எல்லாம் பின்பக்கத்தில் கேமராக் கண்களின் எண்ணிக்கையைக் கூட்டத்தான்.

வாங்கிய அன்றே கவர் போட்டுவிடுங்கள். டிஸ்பிளே ஒருமுறை உடைந்தால் நாம் போட்ட வகுத்தல் கணக்கு அத்தனையும் போச்சு.