சுவாலையில் எனாமல்: வாசகர் கேள்வியும் பதிலும்

செப்பில் கண்ணாடித் தூளை உருக்கிச் செய்யும் எனாமல் நகை பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, 0.5 மில்லிமீற்றர் செப்புத் தகட்டில் 3 சென்ரிமீற்றர் வட்டம் வெட்டி நீல எனாமல் சுட்டன். அடுப்பால எடுக்கேக்க நல்ல பளபளப்பு. ஆறேக்க 'டிக் டிக்' எண்டு சத்தம் கேட்டு ஓரத்தால செதில் செதிலாக் கழண்டுபோச்சு. காஸ் சூடு காணாதோ?
— வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: சூடு போதும் தங்கச்சி. பளபளப்பு வந்திருந்தால் எனாமல் நன்றாக உருகியிருக்கிறது. கழன்ற செதிலின் அடிப்பக்கத்தையும் அது விட்டுப்போன செப்பையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். செப்பு வெறுமையாக, கழுவிவிட்டதுபோல இருந்தால் எண்ணெயோ கைப்பிசுக்கோ இருந்திருக்கிறது. செதிலின் அடியில் கறுப்புத் தூள் ஒட்டியிருந்தால், முந்திய சூட்டில் படிந்த செப்பு ஒக்சைட் போகாமலே பவுடர் தூவியிருக்கிறீர்கள்.

வெட்டி, ஓரம் அராவிய தகட்டை முதலில் வெறுமையாகவே மங்கிய சிவப்பு வரும்வரை சுடுங்கள். எண்ணெய் எரிந்துபோகும், தகடும் இளகும். பிறகு 500 மில்லிலீற்றர் சுடுதண்ணீரில் 75 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து, கறுப்பு நீங்கி இளஞ்சிவப்பு தெரியும்வரை ஊறவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் பழப்புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்கலாம். நேரம் கூடச் செல்லும், வேலை நடக்கும். அடுத்தது அப்பச்சோடா போட்டுத் தேய்த்து அமிலத்தை எடுத்துவிட்டு, ஓடும் தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார்த்துண்டால் உரஞ்சுங்கள். இரும்பு நார் வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கும். கடைசியாகத் தகட்டைச் சரித்துத் தண்ணீர் ஓடவிட்டுப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக முழுவதும் பரவினால் சுத்தம். துளி துளியாகப் பிரிந்தால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, திரும்பத் தேயுங்கள். இதற்குப்பின் ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

அடுத்தது பின்பக்கம். ஆறும்போது செம்பு எனாமலைவிடக் கூடுதலாகச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால் மெல்லிய தகடு வளைந்து கண்ணாடியைத் தள்ளும். நீங்கள் கேட்ட 'டிக்' சத்தம் அதுதான். ஆகவே முதலில் பின்பக்கத்துக்குத் தூவிச் சுடுங்கள். முன்பக்கத்தைத் திரும்ப அமிலத்தில் சுத்தம் செய்து, பிறகு முன்பக்கத்துக்குத் தூவுங்கள். இரண்டு பக்கத்திலும் எனாமல் கிட்டத்தட்ட ஒரே தடிப்பில் இருக்கவேண்டும். தகட்டை இலேசாகக் குழித்துக்கொண்டாலும் வளைவு குறையும். 0.8 மில்லிமீற்றர் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது.

சுட்டதை முக்காலியிலேயே, காற்றுப் படாமல் ஆறவிடுங்கள். அவசரத்தில் தண்ணீரில் போட்டால் எந்தச் சுத்தமும் காப்பாற்றாது.

கேள்வி: சிவப்பு எப்போதும் கறுத்துப்போகிறது. அடி தெரியும் நிறங்கள் மங்கலாக வருகின்றன. பவுடர் பழுதா?
— வாசகர், கிளிநொச்சி

பதில்: பவுடரைக் குறை சொல்லுமுன் சுவாலையைப் பாருங்கள். மஞ்சள் நுனியோடு எரிகிற சுவாலையில் எரியாத கரி இருக்கும். அது நிறத்தைக் கெடுக்கும். ரோர்ச்சின் (காஸில் எரியும் கைச்சுவாலையின்) காற்றுத் துளையைத் திறந்து, உள்ளே கூரான நீலக் கூம்பு தெரியும்படி வையுங்கள். சூடு எப்போதும் அடியிலிருந்துதான். முக்காலியில் கம்பி வலை, வலையில் நகை, வலைக்குக் கீழே சுவாலை. கூம்பின் நுனி தகட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். மேலிருந்து எனாமலில் நேரே அடித்தால் எந்த நிறமும் தப்பாது.

பவுடர் மாறுவதை நிலை நிலையாகக் கண்ணால் காணலாம். முதலில் கறுக்கும், பிறகு சீனிபோலக் குறுணியாகும், பிறகு தோடம்பழத் தோல்போல மேடுபள்ளமாகும், கடைசியில் மட்டமாகி மினுங்கும். மினுங்கிய கணத்திலேயே சுவாலையை எடுத்துவிடுங்கள். அடி தெரியாத சிவப்பும் செம்மஞ்சளும் மிகைச் சூட்டைத் தாங்கா. அவற்றைக் கடைசிப் படையாக வைத்து ஒரே தரம் சுடுங்கள். வெள்ளையை மிகையாகச் சுட்டால் ஓரத்தில் பச்சை ஏறும். செப்பு ஒக்சைட் கண்ணாடிக்குள் கரைவதால் வருவது அது. அடி தெரியும் சிவப்பையும் ரோஸையும் செப்பில் நேரே போட்டால் பழுப்பாகிவிடும். முதலில் நிறமற்ற எனாமல் ஒரு படை சுட்டு, அதன்மேல் போடுங்கள்.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பவுடரில் உள்ள மிக நுண்ணிய தூள். கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர் விட்டுக் கலக்கி, 20 வினாடி பொறுத்து, மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை வடியுங்கள். தண்ணீர் தெளியும்வரை ஐந்தாறு தரம் செய்யுங்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பெரும்பாலும் சுண்ணாம்புத் தண்ணீர், அந்தச் சுண்ணாம்பும் கண்ணாடியில் மங்கலாகத் தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும் வடித்த தண்ணீர் பாவியுங்கள். வாகனப் பற்றரிக்கு ஊற்றவென்று விற்கும் தண்ணீர் அதுதான். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். வடித்த கலங்கலை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் ஊற்றவேண்டாம். ஒரு வாளியில் அடையவிட்டு, அடைசலைத் தனியே சேருங்கள்.

கேள்வி: கடையில் ரின்னில் விற்கும் எனாமல் பெயின்ற் இதற்கு ஆகுமா?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: ஆகாது. அது எரிந்து நச்சுப் புகை விடும். இங்கே வேண்டியது நகை வேலைக்கென விற்கும் 80 மெஷ் (அரிப்பு அளவு) கண்ணாடிப் பவுடர். ஈயம் கலக்காதது என்று பொதியில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மணியைக் கம்பியில் கோத்துப் பவுடரில் தோய்த்துச் சுடுவதைக் கண்டேன். எந்த மணி வாங்குவது? எத்தனை தரம் தோய்ப்பது?
— வாசகி, மல்லாவி

பதில்: செப்பு மணி அல்லது பூச்சில்லாத இரும்பு மணி. செப்பு நிறத்தில் விற்பதெல்லாம் செப்பல்ல. ஒரு மணியை அராவிப் பாருங்கள், உள்ளே மஞ்சளோ வெள்ளையோ தெரிந்தால் விடுங்கள். மஞ்சள் பித்தளையில் நாகம் (துத்தநாகம்) அதிகம். எனாமல் நில்லாது, சூட்டில் வரும் நாகப் புகையால் காய்ச்சலும் குளிரும் பிடிக்கும். நாகம் பூசிய இரும்பும் அப்படித்தான்.

ரோர்ச்சை மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டி, சுவாலை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். துரு ஏறாத ஸ்ரீல் கம்பியில் மணியைக் கோத்து, நீலக் கூம்புக்குச் சற்று அப்பால் உருட்டிக்கொண்டே இருங்கள். செம்மஞ்சளாக ஒளிர்ந்ததும் பவுடரில் ஒரு வினாடி புரட்டி, உடனே சுவாலைக்குத் திரும்புங்கள். மினுங்கியதும் அடுத்த தோய்ப்பு. இரண்டு அல்லது மூன்று போதும். நாலாவதில் எனாமல் தடித்து, துளை அடைபட்டு, மணி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். ஒளிர்வு முற்றாக அடங்கியபின் இரும்புத் தகட்டில் வெட்டிய பள்ளத்தில் கம்பியைக் கொளுவி இழுத்தால் மணி கழரும். அதை உமிச்சாம்பலுக்குள் விழவிடுங்கள், மெதுவாக ஆறும். எரியாத உமி கலந்திருந்தால் புகைந்து மணியில் கறை பிடிக்கும்.

கேள்வி: எங்கள் மாதர் சங்கம் கண்காட்சிகளில் மணிமாலை விற்கிறது. அங்கேயே எனாமல் வகுப்பும் நடத்தலாமா? என்ன ஆயத்தம் வேண்டும்?
— மாங்குளத்திலிருந்து ஒரு குழு

பதில்: நடத்தலாம், இடத்தைப் பார்த்து. வற்றாப்பளைப் பொங்கல் போன்ற சனநெரிசலில் செய்து முடித்த நகையை மட்டும் விற்றுக்கொள்ளுங்கள், நெருப்பு வேண்டாம். வைகாசியில் சோளகக் காற்றும் எழும்பிவிடும், சுவாலை ஒரு இடத்தில் நில்லாது. பாடசாலை மண்டபம், சங்கக் கட்டடம் போன்ற இடங்களில் நடத்துங்கள். கிடுகுக் கொட்டில் கூடவே கூடாது. காற்று மறைப்புக்கு மூன்று பக்கமும் செங்கல் அடுக்குங்கள். உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடு எல்லா வளவிலும் கிடக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். சூட்டில் வெடிக்கும், அதன் நார் நுரையீரலுக்குப் போகும்.

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் நிலத்தோடு தேங்கும். ஆகவே யன்னலோடு கதவும் திறந்திருக்கவேண்டும். அடுப்பு ரெகுலேற்றரின் அழுத்தம் ரோர்ச்சுக்குப் போதாது. ரோர்ச்சுக்குரிய உயரழுத்த ரெகுலேற்றரும் குழாயும் பூட்டி, ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா பாருங்கள். 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்தி, ஆட்கள் நடக்காத பக்கத்தில் வையுங்கள். மணல் வாளியும் தண்ணீர் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ஒரு ரோர்ச்சுக்கு இரண்டு பேர், ஒரு ஆசிரியைக்கு மூன்று ரோர்ச். அதற்கு மேலே போனால் பின்னால் நிற்பவரின் கையை உங்களால் பார்க்க முடியாது. சோல் போட்டு வருபவர்கள் அதைக் கழற்றி வைக்கட்டும், தலைமயிரை முடியட்டும், பருத்திச் சட்டை போடட்டும். தூவும்போது என்95 முகக்கவசம், சுடும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. பவுடர் சிந்தினால் ஈரத்துணியால் துடையுங்கள், விளக்குமாறு போடவேண்டாம்.

இரண்டு மணி நேர வகுப்பில் ஒருவர் ஒரு சோடித் தோடு முடிக்கலாம். 2 சென்ரிமீற்றர் வட்டங்களை முன்னரே வெட்டி, துளையிட்டு, அராவி, ஒருமுறை சுட்டுக் கொண்டுபோங்கள். ஆனால் சுத்தம் செய்வதை மட்டும் மாணவர்களிடமே விடுங்கள். முதல் அரை மணி நேரம் அதற்குத்தான். தண்ணீர் படலமாக ஓடாத தகட்டை ஒருவரும் மேசைக்குக் கொண்டுவரக்கூடாது. வீட்டுக்குப் போய்த் தனியே செய்யும்போது அவர்களுக்குத் துணை நிற்கப்போவது அந்த ஒரு பழக்கம்தான். நிறம் ஒன்றோ இரண்டோ போதும். நீலமும் பச்சையும் செப்பில் நேரே பிடிக்கும், தொடங்குபவரைக் கைவிடா.

ஒரு சோடித் தோட்டுக்கு இரண்டு கிராம் பவுடருக்குமேல் செல்லாது. மணி தோய்க்கும் தட்டில் மட்டும் குறைந்தது 50 கிராம் இருந்தால்தான் மணி முழுதாகப் புரளும். நிறத்துக்கு ஒரு கடதாசி விரித்து அதன்மேல் தூவினால், விழுந்ததை அதே போத்தலில் திருப்பிக் கொட்டலாம். கட்டணம் போடுமுன் ஒரு வகுப்புக்கு முன்னும் பின்னும் சிலிண்டரை நிறுத்துப் பாருங்கள், காஸ் செலவு சரியாகத் தெரியும். பழுதாகும் தகடுகளையும் கணக்கில் சேருங்கள்.

பார்க்க வருபவர்கள் 'இது எங்கட பழைய கலையோ?' என்று கேட்பார்கள். திருக்கேதீச்சரத்துக்கு அருகே மாந்தைத் துறையில் அகழ்ந்தபோது பழங்காலக் கண்ணாடி மணிகள் கிடைத்தன என்பதைச் சொல்லுங்கள். உலோகத்தில் சுடும் இந்த எனாமல் வேறு வேலை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: தோட்டுக் கொக்கியைச் சுடுமுன் பற்றவைப்பதா, பின்னரா?
— வாசகி, முள்ளியவளை

பதில்: இரண்டும் வேண்டாம். ஈயப் பற்று எனாமல் சூட்டில் உருகி ஓடும். சுட்டபின் பற்றவைத்தால் கண்ணாடி வெடிக்கும். சுடுமுன் விளிம்பிலிருந்து 2 மில்லிமீற்றர் உள்ளே 1.5 மில்லிமீற்றர் துளை போட்டு, வளையத்தில் கொக்கியை மாட்டுங்கள். தூவியபின் துளையில் விழுந்த பவுடரை ஊசியால் தள்ளிவிட்டுச் சுடுங்கள். மறந்து துளை மூடிவிட்டால் குத்தித் திறக்கப் பார்க்காதீர்கள். திரும்பச் சுட்டு, எனாமல் இளகியிருக்கும்போது ஸ்ரீல் கம்பியைத் துளையில் விட்டு எடுங்கள்.