சமாதானத்துக்குக் கொடுத்த விலை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 1967இல் ஜப்பானில் வெளிவந்த ‘எ கோல்ட் இஸ் மை பாஸ்போர்ட்’ (‘கோல்ட் துப்பாக்கியே என் பாஸ்போர்ட்’) படத்தை அண்மையில் பார்த்தேன். கூலிக்கு அமர்த்தியவர்களே கொலையாளியைத் தீர்த்துக்கட்டப் பார்ப்பது பல படங்களில் வந்துவிட்ட கதைதானே? இதை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பதில்: கதையை மூன்று வரியில் சொன்னால் நீங்கள் கேட்பது நியாயம் என்றுதான் தோன்றும். ஒரு யாகுசா கும்பல், அதாவது ஜப்பானிய நிழலுலகக் குற்றக் கும்பல், எதிர்க்கும்பலின் தலைவரைக் கொல்லக் கமிமுரா என்பவனை அமர்த்துகிறது. அவன் சொன்னபடி வேலையை முடிக்கிறான். பிறகு அவனையே ஒழித்துவிட முடிவு செய்கிறார்கள். ஆனால் அந்த முடிவுக்கு அவர்கள் எப்படி வருகிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். அவன் தவறு செய்யவில்லை, பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடவில்லை, யாரையும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தலைவரை இழந்த கும்பலும் அவரைக் கொல்லச் சொன்ன கும்பலும் இனிச் சண்டை இருவருக்குமே நட்டம் என்று கணக்குப் போட்டுக் கைகோத்துக்கொள்கின்றன. அந்த உடன்பாட்டுக்குத் தரவேண்டிய விலையாகக் கமிமுராவின் தலை குறிக்கப்படுகிறது. யாகுசா உலகில் பகை தீர்த்துக்கொள்ளும் சடங்குக்கு ‘தெஉச்சி’ என்று பெயர். சேர்ந்து கைதட்டிப் பகையை முடிப்பது அதன் பொருள். அந்தக் கைதட்டலின் மறுபக்கத்தில் நிற்கும் ஒரு மனிதனை இந்தப் படம் பார்க்கச் சொல்கிறது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது அவனுக்கும் அவனுடைய இளைய கூட்டாளி ஷியோசாகிக்கும் உள்ள பிணைப்பு. யோகஹாமா துறைமுகத்தை அடுத்து, லாரி ஓட்டுநர்கள் வந்து தங்கிப்போகும் ஒரு விடுதியில் இருவரும் ஒளிந்துகொண்டு கப்பலுக்காகக் காத்திருக்கும் பகுதியில் துப்பாக்கிச் சத்தம் குறைந்துவிடுகிறது. கிதாரை மடியில் வைத்துக்கொண்டு ஷியோசாகி மெல்லப் பாடுகிறான். அந்த வேடத்தில் நடித்த ஜெர்ரி ஃபுஜியோ உண்மையிலேயே பாடகர் என்பதால் அந்தக் குரலில் ஒட்டவைத்த தன்மை இல்லை. பிறகு அவன் எதிரிகளிடம் சிக்கும்போது, அவனை விட்டுவிட்டால் தானே வருவதாகக் கமிமுரா சொல்லியனுப்புகிறான். அமர்த்தியவர்கள் எந்த வாக்கை மீறினார்களோ, அந்த வாக்கு எப்படிப்பட்டதாக இருந்திருக்க வேண்டும் என்பதை இவன் வசனம் பேசாமல் செய்து காட்டுகிறான். நான் இந்தப் படத்தை உயர்வாக மதிப்பது இதற்காகத்தான்.

கேள்வி: ஜப்பானில் துப்பாக்கி வைத்துக்கொள்வது அவ்வளவு எளிதா? படத்தில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்களே! தலைப்பில் பாஸ்போர்ட் எதற்கு?

பதில்: எளிதே அல்ல. துப்பாக்கிக்கும் வாளுக்கும் மிகக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்த சட்டம் அங்கே 1958இலேயே வந்துவிட்டது. ஆகவே படத்தில் நீங்கள் பார்ப்பது தெருவில் இருந்த ஜப்பானை அன்று. நிக்காட்சு என்ற படநிறுவனம் கட்டியெழுப்பிய ஒரு கற்பனை ஜப்பான். கோட்டும் கண்ணாடியும் அணிந்த கொலையாளிகள், அமெரிக்கக் குற்றப்படங்களின் நிழல், இத்தாலிய கௌபாய் படங்களை நினைவூட்டும் விசிலும் கிதாருமாக ஹருமி இபெ அமைத்த இசை, எல்லாம் கலந்த இவ்வகைப் படங்களை அங்கே ‘முகொகுசெகி’, அதாவது நாடற்ற படங்கள் என்றே அழைத்தார்கள். அதே ஆண்டுகளில் போட்டி நிறுவனமான தோயெய், கிமோனோ என்ற மரபுடையும் வாளுமாகப் பழைய யாகுசா மரபைப் போற்றும் படங்களை எடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் கும்பல்கள் கற்பனை அல்ல. 1963இல் நாடு முழுவதும் இவற்றில் ஏறத்தாழ 1,84,000 பேர் இருந்தனர் என்பது காவல்துறைக் கணக்கு. பாஸ்போர்ட் விஷயமும் அப்படித்தான். போருக்குப் பின் சாதாரண ஜப்பானியர் சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்வதற்கு இருந்த தடை 1964 ஏப்ரலில்தான் நீங்கியது; அப்போதும் ஒருவர் 500 டாலருக்கு மேல் எடுத்துச் செல்ல முடியாது. மூன்றே ஆண்டுகள் கழித்து அரங்குக்கு வந்த பார்வையாளருக்குப் பாஸ்போர்ட் என்ற சொல் எவ்வளவு புதிதாக, எவ்வளவு ஆசையூட்டுவதாக ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், நாட்டைவிட்டு வெளியேற முடியாமல் கரையிலேயே அலைக்கழியும் இருவரின் கதைக்கு அந்தத் தலைப்பு ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பது விளங்கும்.

கேள்வி: கதாநாயகனின் கன்னங்கள் ஏன் அப்படி உப்பியிருக்கின்றன?

பதில்: அறுவைச் சிகிச்சை. மெலிந்த அழகுடைய இளைஞராகத் திரையுலகில் நுழைந்த ஜோ ஷிஷிடோ (கமிமுராவாக நடித்தவர்), தனித்துத் தெரிய வேண்டும் என்று 1950களின் பிற்பகுதியில் கன்னங்களைப் பெருக்கிக்கொண்டார். அதன்பின் வில்லன் வேடங்கள் குவிந்தன, பிறகு நாயக வேடங்களும் வந்தன. 2020இல் காலமான அவர், தம் படங்களில் தமக்கு மிகப் பிடித்தது இதுவே என்று சொல்லியிருக்கிறார்.

கேள்வி: அதே ஆண்டு அதே நடிகர் நடித்த ‘பிராண்டட் டு கில்’ படமும் கொலையாளி கதைதான். எது சிறந்தது?

பதில்: செய்ஜுன் சுசுகியின் அந்தப் படம் கதையின் எலும்புகளையே உடைத்துப்போட்டு விளையாடுகிறது, சோறு வேகும் வாசனைக்கு ஏங்கும் கொலையாளியை வேறெங்கும் பார்க்க முடியாது. புரியாத படங்களை எடுக்கிறார் என்று நிக்காட்சு அவரை 1968இல் வேலையிலிருந்து நீக்கியது வரலாறு. தகாஷி நொமுரா இயக்கிய இந்தப் படமோ 84 நிமிடங்களில் ஒரு காட்சிகூட மிகையாக இல்லாமல் நேராக நடக்கிறது. சுசுகியின் படத்தை வியக்கிறேன். நொமுராவின் படத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறேன்.

கேள்வி: உங்கள் மனத்தை விட்டு அகலாத காட்சி எது?

பதில்: மண்ணைத் தோண்டும் காட்சி. எதிரிகளைச் சந்திக்க ஒப்புக்கொண்ட இடம், நகரத்துக் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கிய வெட்டவெளி. ஒதுங்கி நிற்க ஒரு மரமோ சுவரோ கிடையாது. கமிமுரா தன் கையால் செய்த வெடிகுண்டோடு முன்னதாகவே அங்கே வந்து, ஓர் ஆள் படுக்கும் அளவுக்குக் குழி வெட்டத் தொடங்குகிறான். ஷிகெயொஷி மினெயின் கருப்பு வெள்ளை ஒளிப்பதிவில், அகன்ற திரை முழுவதும் வெறுமையாகக் கிடக்க, நடுவில் குனிந்து நிமிரும் அந்த ஓர் உருவம் மட்டும் தெரிகிறது. தன் சவக்குழியைத் தானே வெட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். குண்டு துளைக்காத கார் தொலைவில் புழுதி கிளப்பிக்கொண்டு வரும்போது அந்தக் குழி எதற்கு என்று தெரியவருகிறது. இன்னும் படம் பார்க்காதவர்களுக்காக அதை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.