ஆட்டு இரத்தச் சோதனை: இந்த முறை வந்த கேள்விகள்

ஆடுகளுக்கு முழங்கால் வீக்கம். ஜெல் சோதனையா எலைசாவா, எது நல்லது? (மாங்குளம்)

எந்த நோய்க்கு என்று எழுதவில்லை. முழங்கால் வீக்கம் என்றபடியால் சிஏஈ (வைரசால் வரும் ஆட்டு மூட்டு, மூளை அழற்சி நோய்) என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சோதனையும் தேடுவது எதிர்ப்பொருளை, அதாவது கிருமிக்கு எதிராக உடல் இரத்தத்தில் உண்டாக்குவதை. முழுப் பட்டியையும் பார்க்க எலைசா. ஜெல் தட்டில் கோடு விழ ஒன்றிரண்டு நாள் போகும், விழுந்தால் பெரும்பாலும் நம்பலாம், ஆனால் எதிர்ப்பொருள் குறைவான ஆட்டை அது தவறவிடும். எலைசா அதையும் பிடிக்கும், சிலவேளை இல்லாததையும் பிடிக்கும். நோய் இல்லாத பட்டியில் ஒரே ஒரு பொசிட்டிவ் வந்தால் மறுபடி பாருங்கள். ஆட்டின் வயதை எழுதுங்கள்!

எலைசா பொசிட்டிவ், பிசிஆர் நெகட்டிவ். எது பொய்? (நெடுங்கேணி)

ஒன்றும் பொய்யில்லை. எலைசா தேடுவது எதிர்ப்பொருளை, பிசிஆர் தேடுவது வெள்ளை அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரசை. தொற்றிய அணுக்கள் இரத்தத்தில் மிகக் கொஞ்சம், எடுத்த துளியில் அகப்படாமலே போகலாம். ஆட்டைத் தனியே கட்டுங்கள்.

இரத்தத்தை அப்படியே பிரீசரில் வைத்துவிட்டேன். (விசுவமடு)

கொட்டுங்கள். சிவப்பணு உடைந்திருக்கும். சீரத்தை (இரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் தெளிந்த நீர்) பிரித்த பிறகுதான் பிரீசர். எலைசாவுக்குச் சிவப்பு மூடிக் குழாய், பிசிஆருக்கு ஊதா மூடிக் குழாய், எத்தனை தரம் எழுதுவது?

ஜமுனாபாரிக் கிடாய் வாங்குகிறேன், சிஏஈ நெகட்டிவ் கடதாசி தருகிறார்கள். போதுமா? (ஒட்டுசுட்டான்)

போதாது, போதாது. இந்தக் கடதாசியைக் கண்டாலே எனக்குக் கோபம் வரும். வைரஸ் உள்ளே போய் எதிர்ப்பொருள் தெரிய சில கிழமையும் ஆகும், சில மாதமும் ஆகும். அந்த இடைவெளியில் இரத்தம் எடுத்தால் எந்த லாப்பும் நெகட்டிவ் என்றுதான் எழுதும், அதை லாமினேட் செய்து ஒரு வருடம் கழித்தும் நீட்டுகிறார்கள். எனக்கும் ஒரு வியாபாரி அப்படித்தான் நீட்டினார், திகதியைப் பார்க்காமல் வாங்கியது என் பிழை, அடுத்த வருடம் இரண்டு மறிகளுக்கு முழங்கால் வீங்கியது. செம்மறியில் இதன் சகோதர வைரஸ் மேடி-விஸ்னா. ஐஸ்லாந்துக்காரர் 1933 இல் ஜேர்மனியிலிருந்து கரகுல் செம்மறிகளை இறக்கினார்கள், பார்வைக்குச் சுகமான ஆடுகள்தான், அதோடு வந்த நோயை ஒழிக்க 1965 வரை பட்டி பட்டியாக வெட்ட வேண்டி வந்தது. ஆகவே அந்தக் கிடாய் வந்த பட்டியின் முடிவுகளைக் கேளுங்கள், கொண்டுவந்து இரண்டு மூன்று மாதம் தனியே கட்டி மறுபடி சோதியுங்கள். தடுப்பூசி கிடையாது, தொற்றினால் ஆயுள் முழுக்க.

குட்டி சிஏஈ எலைசாவில் பொசிட்டிவ், இறைச்சிக்கு விற்றுவிட்டேன், சரிதானே? (புதுக்குடியிருப்பு)

விற்ற பிறகு கேட்கிறீர்கள். வயது இரண்டு மாதமாம். கடும்பில் (ஈன்றவுடன் சுரக்கும் முதல் பால்) வந்த தாயின் எதிர்ப்பொருள் ஆறு மாதம்வரை நிற்கலாம், எலைசா அதைத்தான் காட்டியிருக்கும். தாய் பொசிட்டிவ் என்றால் குட்டியை ஈன்ற உடனே பிரித்து, வைரஸ் சாகக் கடும்பை 56 பாகையில் ஒரு மணித்தியாலம் சூடாக்கிக் கொடுத்திருக்க வேண்டும். கொதிக்க விட்டால் கட்டியாகிவிடும்.

தமிழ்நாட்டு உறவினரின் ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி (பிபிஆர் என்ற வேறொரு வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டது, எலைசா பொசிட்டிவ். (மன்னார்)

தடுப்பூசி வேலை செய்திருக்கிறது. எதிர்ப்பொருள் வந்தது வழமையான தடுப்பூசியாலா நோயாலா என்று அந்த எலைசாவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. காய்ச்சலோடு மூக்கு ஒழுகினால் பஞ்சில் கண், மூக்கு நீர் எடுத்து பிசிஆருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சிஏஈ ஆட்டுப் பால் எங்களுக்கு? (மல்லாவி)

மனிதருக்குத் தொற்றாது. மற்றக் கிருமிகளுக்காகக் காய்ச்சிக் குடியுங்கள்.