ஸ்கேன் சரி, தலைவலி மட்டும் போகவில்லை

களுவாஞ்சிக்குடித் தங்கைக்கு, ஸ்கேனிலும் கண் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை, இரண்டு வருடமாகத் தலைவலி என்கிறீர்கள். என்னை நிறுத்தியது "அநேகமாக நாள்தோறும் பனடோல்" (பரசிட்டமோல் வலி மாத்திரை) என்ற வரிதான். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதம் தாண்டியும் விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியைத் தொடர வைக்கலாம். நம்பக் கடினம், ஆனால் உண்மை. விடும்போது முதலில் வலி கூடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டே விடுங்கள். வலித்த நாள், மாத்திரை, தூக்கம், மாதவிடாய் எல்லாவற்றையும் கலண்டரில் குறித்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஒற்றைத் தலைவலி என்றால் தடுப்பு மருந்து உண்டு. பலன் தெரிய வாரக்கணக்காகும். அம்மா நாவூறு கழிக்கட்டும், சித்தாலேப மூலிகைக் களிம்பு பூசட்டும், தடையில்லை. திடீரென இடி விழுந்தாற்போல் வலித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, பேச்சுக் குழறினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.